அக்கா நிறுத்தாத நாட்கள்

கல்யாணப் பெண் வாசலிலிருந்து பீடத்தை நோக்கிப் பாதி தூரம் நடந்து வந்திருந்தாள். நாங்கள் நான்கு வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தோம். அக்கா கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. ஆர்கன் நின்றது. பெண்ணும் நின்றுவிட்டாள். அவளைக் கைபிடித்து அழைத்து வந்த அப்பா, யாராவது மயக்கம் போட்டு விழுந்துவிட்டார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தார்.

"டெனர், அந்த எடத்துல ஏறணும். நீங்க சறுக்கறீங்க. மொதல்லேர்ந்து" என்றார் அக்கா, எங்களைப் பார்த்து. பிறகு திரும்பி, "நீ அங்கயே நில்லும்மா, ஒரு நிமிஷம்" என்றார் பெண்ணிடம்.

பெண் நின்றாள். நாங்கள் முதலிலிருந்து பாடினோம். இந்தத் தடவை டெனர்கள், ஆண்களில் மேல் குரலில் பாடுகிறவர்கள், சறுக்கவில்லை. அக்கா தலையை அசைத்ததும்தான் பெண் அடுத்த அடி எடுத்து வைத்தாள். பெண்ணின் அம்மா அதற்குப் பிறகு வெகுநாள் அக்காவோடு பேசவில்லை. ஆனாலும் இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்குப் பாட அக்காவைத்தான் வந்து கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவது? ஆவடியிலிருந்து வில்லிவாக்கம் வரைக்கும் நான்கு குரல்களில் பாடும் குழுவை அப்படிக் கட்டி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பேரைப் போட்டு எழுதினால் அதிலும் ஏதாவது ஒரு தப்பைக் கண்டுபிடித்து நிறுத்திவிடுவார். கம்பெனியிலும் வேதக்கோயிலிலும் எங்களுக்கு அவர் அக்கா. அவ்வளவு போதும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. என் பெயர் தணிகாசலம். அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் என் அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். அந்த நிலத்தில் தொழிற்பேட்டை வந்தது. நான் தொழிற்பேட்டைக்குள் போனேன். சாணைச் சக்கரம் செய்யும் கம்பெனி. சுட்டெடுத்த சக்கரங்களை வண்டியில் ஏற்றி ஆய்வு மேசைக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் அக்கா.

ஆய்வு என்றால் பெரிய மெஷின் எதுவும் இல்லை. சக்கரத்தின் நடு ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, சின்ன மரச் சுத்தியால் ஒரு தட்டு. நல்ல சக்கரம் என்றால் மணி மாதிரி கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் மண்கட்டியைத் தட்டியது மாதிரி 'தொப்' என்று கேட்கும். அப்படிப்பட்ட சக்கரம் தப்பித்தவறி வெளியே போய் ஏதோ ஒரு பட்டறையில் வேகமாகச் சுற்றினால் உடைந்து சிதறும். எதிரில் நிற்பவன் முகம் போய்விடும். அதனால் அக்கா தட்டும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. பேசினால் கை உயரும். மேனேஜராக இருந்தாலும் வாயை மூட வேண்டியதுதான்.

என் குரல் சின்ன வயதிலிருந்தே கட்டை. பீப்பாய்க்குள் பேசுகிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே கிண்டலுக்கு ஆளாகி, குறைவாகப் பேசிப் பழகியவன் நான். ஒரு நாள் வண்டிச் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. "யாராவது வந்து கை குடுங்கப்பா!" என்று கத்தினேன். அக்கா மேசையிலிருந்து எழுந்து வந்தார். சத்தம் போட்டதற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"'ஆ'ன்னு சொல்லுங்க."

"இன்னாக்கா?"

"ஆ. சும்மா சொல்லுங்க. இன்னும் கீழ. இன்னும் கீழ போவுதா?"

போயிற்று. அக்கா முகத்தில் அன்றைக்குப் பார்த்த சந்தோஷத்தை, சக்கரம் நன்றாக ஒலிக்கும்போதுகூட நான் பார்த்ததில்லை. "மூணு வருஷமாத் தேடறேன் இந்தக் கொரலை. ஞாயித்துக்கெழமை சாயந்தரம் கோயில் பின்னால ரூமுக்கு வந்துருங்க" என்றார். நான் சாமி கும்பிடுகிறவன், என் பெயரே இப்படி என்று சொன்னேன். "நான் உங்க சாமியைக் கேக்கல, உங்க கொரலைக் கேக்கறேன்" என்றார்.

வீட்டில் அம்மா ஒரு மூச்சு சத்தம் போட்டாள். "முருகன் பேரை வெச்சிகினு சர்ச்சுல போயி இன்னாடா பாடுவ நீ? நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என் மனைவிதான் சமாதானம் செய்தாள். "பாட்டுதான அத்தே, பாடிட்டுப் போவட்டும். ஊட்ல குந்திகினு ஊரு ஞாயம் பேசறதுக்கு அது மேலு" என்றாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு அம்மாவே பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவரிடம், "அதோ, கட்டை கொரலு கேக்குது பாரு, அது என் புள்ள" என்று சொன்னதை அக்கா கேட்டுவிட்டு, நல்ல வேளையாக, நிறுத்தவில்லை.

நாங்கள் பாடியது மேல்நாட்டுச் சங்கீதம். எந்தக் காலத்திலோ ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இருந்தவர்கள் எழுதி வைத்தது. பெண் குரலில் சோப்ரானோ, ஆல்ட்டோ என்று இரண்டு, ஆண் குரலில் டெனர், பேஸ் என்று இரண்டு, ஆக மேலிருந்து கீழாக நான்கு குரல்கள். ஆளுக்கொரு வழியில் போய், ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். நான் அடியிலிருக்கும் பேஸ். லத்தீன் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு பாடினேன். முதல் தடவை நான்கு குரலும் ஒழுங்காகச் சேர்ந்த அன்றைக்கு எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தனை வருஷம் நான் மறைத்து வைத்திருந்த குரல்மேல் மற்ற எல்லாக் குரல்களும் ஏறி நின்றுகொண்டிருந்தன.

ஆனால் அப்படி ஒரு நிமிஷம் கிடைப்பதற்குள் எத்தனை தடவை நிற்க வேண்டும்! அக்காவின் கை உயர்ந்தால் மூச்சோடு நிற்க வேண்டும். "போனது போவட்டும்னு சொல்லாதீங்க. அது எங்கயும் போவாது. அங்கயேதான் நிக்கும். அடுத்த வாரமும் அதே எடத்துல கால் தடுக்கும்" என்பார். கோபப்பட மாட்டார். குரலையும் உயர்த்த மாட்டார். அதுதான் பயமாக இருக்கும். எந்தக் குரல், எந்த இடம், ஏறியதா இறங்கியதா என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு, "மொதல்லேர்ந்து."

பாட்டில் மட்டும் இல்லை. ஆவடி மார்க்கெட்டில் ஒரு தடவை அவரோடு மண்பானை வாங்கப் போனேன். கடையில் இருந்த பானைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கடைக்காரர் பொறுமை இழந்து, "இன்னாம்மா, பானை வாங்க வந்தியா, கடம் வாசிக்க வந்தியா?" என்றார். அக்கா சிரிக்கவில்லை. ஒரு பானையைத் தனியாக எடுத்து வைத்து, "இதை யாருக்கும் விக்காதீங்க, கீறியிருக்கு" என்றார். வாங்காமலே திரும்பினோம்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நெமிலிச்சேரியில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். நிச்சயம் வரைக்கும் வந்து அவரே நிறுத்திவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அவருடைய அப்பாவைப் பற்றி மட்டும் எப்போதாவது பேசுவார். அப்பா கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்தவர். ஐம்பது வயது ஆவதற்குள் இரண்டு காதும் போய்விட்டது. கடைசிக் காலத்தில் மகள் பாடுவதை, அவள் தொண்டையில் விரல்களை வைத்துத்தான் தெரிந்துகொள்வாராம். அதனாலேயே அக்காவுக்குக் காதுமேல் அவ்வளவு அக்கறை. கம்பெனியில் மேசைக்குப் பக்கத்தில்தான் சக்கரத்தைச் சீவும் மெஷின்கள் ஓடும். தட்டாத நேரமெல்லாம் தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார். தட்டும்போது எடுப்பார், முடிந்ததும் மறுபடி வைப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், அக்கா பெரியதாக ஒன்றுக்கு ஆசைப்பட்டார். துண்டு துண்டான பாட்டுகள் இல்லாமல், ஒன்றரை மணி நேரத்துக்குத் தொடர்ந்து போகும் ஒரு படைப்பு. நடிப்பும் திரையும் இல்லாத நாடகம் என்று வைத்துக்கொள்ளலாம். தனிக் குரல்கள் கதையைச் சொல்ல, நாங்கள் கூட்டமாக நின்று ஊர் ஜனமாகவும் தேவதூதர்களாகவும் பாட வேண்டும். எங்கள் டெனர் செல்வராஜ் ரெக்கார்டிங் ஸ்டூடியோ ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவரைப் பிடித்திருந்தான். நிகழ்ச்சி அன்று அவர் கருவிகளோடு வந்து முழுவதையும் டேப்பில் எடுப்பார். எங்கள் குரல் கேசட்டாக வரப் போகிறது. ஆடி முடிந்ததும் ஒத்திகை ஆரம்பித்தது.

முதல் ஒரு மாதம் வழக்கம் போலத்தான். இரண்டு வரி பாடுவோம், கை உயரும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பக்கம் முழுவதையும் அக்கா நிறுத்தாமல் விட்டார். வெளியே வந்ததும் எல்லோருக்கும் குஷி.

"அப்பாடா. அக்காவுக்கு இன்னிக்கு மூடு நல்லா கீது மாமே" என்றான் செல்வராஜ்.

"நாமதான் நல்லாப் பாடறோம்" என்றாள் ஆல்ட்டோவில் ஒருத்தி.

அடுத்த வாரமும் நிறுத்தவில்லை. அதற்கடுத்த வாரம் ஆல்ட்டோக்கள் ஒரு இடத்தில் முழுவதுமாக வழி தவறி, சோப்ரானோவின் வரியில் போய் விழுந்தார்கள். எனக்கே தெரிந்தது. அக்காவின் கையைப் பார்த்தேன். கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. முகத்தில் ஒரு லேசான சிரிப்பு. அப்படி அவர் சிரித்துக்கொண்டே ஒத்திகை நடத்தி நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு வெளியே வந்ததும் அவரவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செல்வராஜ் மட்டும் நின்றான்.

"எனக்கு ஒரு சந்தேகம் தணிகா. அடுத்த வாரம் நான் வேணும்னே தப்பாப் பாடறேன். நீ அக்கா மூஞ்சியப் பாரு."

சொன்னபடியே செய்தான். டெனர் தனியாக வரும் ஒரு வரி. அதில் ஏற வேண்டிய இடத்தில் இறங்கி, குழந்தைக்குக்கூடத் தெரிகிற மாதிரி கோணலாகப் பாடினான். அறையில் இருந்த அத்தனை பேரும் அதிர்ந்து அவனைப் பார்த்தார்கள். அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வரி முடிந்ததும், "நல்லா இருக்கு செல்வராஜ்" என்றார்.

ஒத்திகை முடிந்து வெளியே வந்தவன் பைக்மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்காவுக்குக் காது கேக்கல மாமே. என் வாயப் பாத்து, பாடறேன்னு தெரிஞ்சிகினு, நல்லா இருக்குன்னு சொல்லுது. இத்தினி வருஷத்துல ஒரு தபா என்னை நல்லா இருக்குன்னு சொன்னதில்ல மாமே."

கம்பெனியில் நடந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. அங்கே எல்லாம் தலைகீழ். கோயிலில் எதையும் நிறுத்தாத அக்கா, மேசையில் ஒரு சக்கரத்தைக்கூட விடவில்லை. நான் தள்ளிக்கொண்டு போகும் வண்டி வண்டியாகச் சக்கரங்களை எடுத்து, தட்டி, சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒதுக்கிய சக்கரங்கள் சுவரோரம் என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டன. மேனேஜர் இன்னொரு ஆய்வாளரைக் கூப்பிட்டு அவற்றை மறுபடி தட்டிப் பார்க்கச் சொன்னார். எல்லாம் மணியாக ஒலித்தன. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். "உங்களுக்கு என்னம்மா ஆச்சு? இப்பிடியே போனா உங்களை இந்த வேலையிலேர்ந்து எடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்றார். அக்கா தலை குனிந்து நின்றார். மேனேஜர் கத்தியதில் எவ்வளவு அவர் காதில் விழுந்ததோ.

மத்தியான சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றபிறகு நான் மேசைக்குப் போனேன். அக்கா சாப்பிடப் போகவில்லை. ஒரு சக்கரத்தை விரலில் மாட்டித் தூக்கிக் காதோடு ஒட்டிப் பிடித்து, தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"தணிகாசலம், இது அடிச்சா உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதுக்கா. மணி கணக்கா கீது."

நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. கிட்டே வந்து சொன்னேன். தலையாட்டினார்.

"எனக்கு எல்லாமே மண்ணைத் தட்டற மாதிரி கேக்குது. விரல்ல அதிர்றது தெரியுது. காதுல வரல."

"அப்பறம் ஏன்கா எல்லாத்துக்கும் செவப்பு போட்டீங்க?"

"கேக்காததை எப்பிடி பாஸ் பண்றது? ஒண்ணு உள்ள கீறியிருந்தா ஒருத்தன் மூஞ்சி போயிடுமே."

நான் கேட்க நினைத்ததை அவரே புரிந்துகொண்டார். சுத்தியை மேசைமேல் வைத்தார்.

"பாட்டுல ஏன் நிறுத்தலன்னு பாக்கறீங்களா? இங்க சாக்பீஸால குறி போட்டா போதும். அங்க நிறுத்தினா, எதுக்கு நிறுத்தினேன்னு சொல்லணுமே." கண் கலங்கியது. "எல்லாரும் ரொம்ப மோசமாப் பாடறீங்களா?"

"அவ்ளோ மோசம் இல்லக்கா" என்றேன். வாய்க்குள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

டாக்டரிடம் போகலாம் என்றால் வர மறுத்தார். அப்பாவுக்கு வந்ததுதான் தனக்கும் வந்திருக்கிறது. அப்பாவை எந்த ஆஸ்பத்திரியும் காப்பாற்றவில்லை. டாக்டர் வாயால் அதைக் கேட்கிற வரைக்கும் கொஞ்சம் நம்பிக்கையாவது இருக்கும். இந்த நிகழ்ச்சி முடியட்டும். இதுதான் அவர் பேச்சு. அடுத்த ஒத்திகையில் செல்வராஜ் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி அவர் முன்னால் நீட்டினான். 'நீங்க டாக்டர்கிட்ட வராங்காட்டி நான் பாட மாட்டேன்.' பின்னால் இருந்த எல்லோரும் நாங்களும் பாட மாட்டோம் என்று தலையை ஆட்டினார்கள். அக்கா அந்தக் காகிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கைப்பையை எடுத்துக்கொண்டார்.

பூந்தமல்லியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் இருந்தார். நானும் செல்வராஜும் கூடப் போனோம். பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் அசைத்து ஜெபம் செய்துகொண்டு வந்தார். எனக்கும் முருகனைத் தவிர வேறு யாரையும் கூப்பிடத் தெரியவில்லை. செல்வராஜ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். இந்தக் காது போனால் மேசை போகும், குழு போகும், அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

டாக்டர் வயதானவர். நெற்றியில் கண்ணாடி வட்டத்தை மாட்டிக்கொண்டு வலது காதைப் பார்த்தார். பிறகு இடது காதைப் பார்த்தார். மறுபடி வலது காது. நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நர்ஸ் ஒரு தட்டையும் நீளமான மெல்லிய இடுக்கியையும் கொண்டுவந்தாள்.

"பெரிய வியாதியா சார்?" என்றான் செல்வராஜ்.

"அவங்க காதுல பஞ்சு வெச்சுக்கற பழக்கம் உண்டா?"

"உண்டு சார். கம்பெனில சத்தம் அதிகம்."

"வெச்சதையெல்லாம் எடுத்தாங்களா?"

எங்களுக்குப் புரியவில்லை. டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார். கருப்பாக, கெட்டியாக, புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று வந்து தட்டில் 'டக்' என்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பஞ்சு நார்கள், எண்ணெய், அழுக்கு, கம்பெனித் தூசி எல்லாம் வருஷக் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. வெளியே எடுத்த பஞ்சில் ஒரு நூல் உள்ளேயே தங்கும், அடுத்த பஞ்சு அதை இன்னும் உள்ளே தள்ளும். இந்த மழைக்காலத்தில் தலைக்குக் குளித்தபோது தண்ணீர் இறங்கி ஊறி, மொத்தமாக அடைத்துவிட்டது.

டாக்டர் இடது காதையும் சுத்தம் செய்து, வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சிக் கழுவினார். அக்கா தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். டாக்டர் குனிந்து, காது கேட்காதவர்களிடம் பேசுகிற பழக்கத்தில் உரக்க, "இப்போ எப்பிடிம்மா இருக்கு?" என்றார்.

அக்கா காதைப் பொத்திக்கொண்டு, "ஏன் சார் கத்தறீங்க?" என்றார்.

செல்வராஜ் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்தவே முடியவில்லை. சிரித்துச் சிரித்து அழுதுவிட்டான். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரும் சிரித்துவிட்டார். "நரம்பு நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல. காதைக் காப்பாத்தறேன்னு நீங்களே கதவைச் சாத்தி வெச்சிருந்தீங்க. இனிமே பஞ்சு மட்டும் வேணாம்" என்றார். அக்கா அவர் சொன்னதைக் கவனிக்கவில்லை. மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஓடிய மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் லேசாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. "அதுக்கு எண்ணெய் விடணும் சார்" என்றார்.

வெளியே பஸ் ஸ்டாண்டு இரைச்சல். கண்டக்டர் விசில், பூக்காரம்மா கூவல், லாரி ஹாரன். நாங்கள் தினமும் சபிக்கிற அந்தச் சத்தத்தின் நடுவில் அக்கா நடைபாதையில், கோயிலில் நிற்பதுபோல் நின்றார். டீக்கடையில் மூன்று டீ சொன்னோம். டீ மாஸ்டர் ஆற்றுகிற சத்தத்தைக்கூட அவர் திரும்பிப் பார்த்தார். முதல் வாய் குடித்துவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்க. யார் யார் என்னென்ன தப்பு பாடினீங்க? ஒண்ணு விடாம சொல்லணும்."

சொன்னோம். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது. செல்வராஜ் தான் வேண்டுமென்றே தப்பாகப் பாடியதைச் சொன்னபோது டீயை வைத்துவிட்டு, "அதை இப்பப் பாடிக் காட்டுங்க" என்றார். அந்த டீக்கடை வாசலில், பூந்தமல்லி பஸ்கள் சாட்சியாக, அவன் அந்த வரியைக் கோணலாகப் பாடினான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

மறுநாள் சுவரோரம் இருந்த சக்கரங்களை எல்லாம் மறுபடி தட்டினார். ஒன்றே ஒன்றில் மட்டும் சிவப்புக் குறி அப்படியே இருந்தது. மேனேஜர் அதை உடைத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே முடி மாதிரி ஒரு கீறல். அதற்குப் பிறகு அவரை வேலையிலிருந்து எடுக்கும் பேச்சு எழவே இல்லை.

ஒத்திகைகள் பழையபடி ஆயின. இன்னும் மோசமாயின என்றும் சொல்லலாம். விட்டுப்போன வாரங்களுக்கும் சேர்த்து அக்கா நிறுத்தினார். முனகுவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. கை உயரும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவன் என்னை இடிப்பான், இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

நிகழ்ச்சி அன்று கோயில் நிறைந்து, வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ரெக்கார்டிங் செய்கிறவர் மைக்குகளைத் தொங்கவிட்டு, ஒரு ஓரத்தில் இரண்டு ஸ்பூல் சுற்றும் கருவியோடு உட்கார்ந்திருந்தார். "நடுவுல நிறுத்திடாதீங்க மேடம், என்கிட்ட டேப் இவ்ளோதான் இருக்கு" என்று முன்கூட்டியே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். செல்வராஜ் எல்லாக் கதையையும் அவரிடம் சொல்லியிருப்பான்.

நிறுத்தத் தேவையே வரவில்லை. அப்படிப் பாடினோம். தனிக் குரல்கள் வந்தன, போயின. ஊர் ஜனமாகக் கூச்சலிட்டோம், தேவதூதர்களாக இறங்கினோம். கடைசிப் பகுதிக்கு வந்தோம். அங்கே எல்லாக் குரலும் உச்சிக்குப் போய்ச் சட்டென்று நிற்கும். ஒரு முழு நிசப்தம். அதற்குப் பிறகு, எந்த வாத்தியத்தின் துணையும் இல்லாமல், பேஸ் குரல் மட்டும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் நாலு பேர். ஸ்ருதியை மனதில் பிடித்து வைத்திருந்து சரியாக எடுக்க வேண்டும். இம்மி பிசகினாலும் பின்னால் வரும் ஆர்கன் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

உச்சியில் நின்றோம். நிசப்தம். அக்காவின் கை மேலே இருந்தது.

அப்போது வெளியே கூட்ஸ் வண்டி வந்தது. கோயிலிலிருந்து தண்டவாளம் இரண்டு தெரு தள்ளிதான். திறந்திருந்த ஜன்னல் வழியாக அந்தத் தடதடப்பு உள்ளே நுழைந்து, கூரை வரைக்கும் நிறைந்தது. ரெக்கார்டிங்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா கையை இறக்கித் தொடர்ந்திருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இறக்கவில்லை. தலையை லேசாக ஜன்னல் பக்கம் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பெட்டிக்குப் பின் பெட்டியாக அது போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தில் ஒருவர் அசையவில்லை. என் மூச்சுக்குள் அந்த ஒரு ஸ்வரத்தை, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசிப் பெட்டியின் சத்தம் திருநின்றவூர்ப் பக்கமாகத் தேய்ந்தது. தேய்ந்து, நூலாகி, இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகும் ஒரு கணம் அக்கா காத்திருந்தார். எங்களுக்குக் கேட்காத மிச்சம் ஏதோ அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து, எங்கள் நாலு பேரையும் பார்த்து, கையை இறக்கினார்.

எடுத்தோம். ஆர்கன் வந்து எங்களோடு சேர்ந்தபோது ஒரு பிசிறுகூட இல்லை. மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு ரெக்கார்டிங்காரர் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார். "மேடம், கவலைப்படாதீங்க. அந்த ரயிலு மட்டுந்தான் குறை. அங்க நீங்க பாடவே இல்ல. சுலபமா வெட்டி ஒட்டிடலாம், கேக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"போடுங்க, கேக்கறேன்."

அவர் டேப்பைப் பின்னால் சுற்றி, ஹெட்போனை அக்காவின் தலையில் மாட்டினார். நாங்கள் சுற்றி நின்றோம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பூல் சுற்றுவது மட்டும் தெரிந்தது. அக்கா அசையாமல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"வெட்ட வேணாம் தம்பி" என்றார் ரெக்கார்டிங்காரரிடம். "கடைசிப் பொட்டி வரைக்கும் நல்லாக் கேக்குது."